அலபாமாவின் தேர்தற்றொகுதிகளும் வாக்கின் பெறுமதியும்

மக்களாட்சியின் உயிர்நிலை வாக்குரிமை என்பர். ஆயினும், வாக்கு இருத்தல் வேறு. அவ்வாக்குப் பிறர் வாக்கோடு ஒத்த பெறுமதியுடையதாய் இருத்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுற விளக்குவது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பால் மாநிலங்களுள் ஒன்றாகிய அலபாமாவின் வரலாறாகும்.

அம்மாநிலச் சட்டசபை, மூதவை, பிரதிநிதிகள் சபை என்னும் இரு மன்றங்களையுடையது. பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பையொட்டி இவற்றின் இடங்கள் திருத்திப் பங்கிடப்படல் வேண்டுமென 1901 ஆம் ஆண்டின் மாநில அரசியற்றிட்டம் விதித்தது. விதி ஏட்டில் இருந்தது. பங்கீடோ அறுபது ஆண்டுகளாக மாறவில்லை. இதற்கிடையே மக்கள் நாட்டுப்புறத்தை விட்டு நகரங்களை நாடினர். இரும்புத் தொழிலாற் சிறந்த பேர்மிங்காம் நகரைக் கொண்ட ஜெபர்சன் கவுண்டியில் 1960 இல் 634,864 பேர் வாழ்ந்தனர். பருத்தி விளையும் லௌண்ட்ஸ் கவுண்டியில் வாழ்ந்தோர் 15,417 பேரே. எனினும், மூதவையில் இரண்டிற்கும் ஒவ்வோர் உறுப்பினரே இருந்தனர். பிரதிநிதிகள் சபையில் 13,462 பேர் கொண்ட புலொக் கவுண்டிக்கு இருவர். 314,301 பேர் கொண்ட மொபீல் கவுண்டிக்கு மூவர். மாநில மக்களுள் ஏறத்தாழக் காற்பங்கினர் வாழ்ந்த பகுதிகளே ஒவ்வொரு மன்றத்திலும் பெரும்பான்மையினரைத் தெரிவுசெய்யப் போதியனவாயிருந்தன.

இக்குறையைச் சட்டசபை தானே திருத்தாதது ஏன்? திருத்தத்திற்கு இணங்க வேண்டியவர் பழைய பங்கீட்டினால் ஆசனம் பெற்றவரே. தாம் இருக்குங் கொம்பைத் தாமே தறிப்பார் உளரோ? நீதிமன்றக் கதவும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. தொகுதிப் பங்கீடு அரசியல் சார்ந்ததெனக் கருதி, 1946 இல் இலினோய் மாநில வழக்கொன்றில் தலையிட நாட்டின் உயர் நீதிமன்றம் மறுத்தது. 1962 இல் தென்னசி மாநில வழக்கிலேயே அக்கதவு திறந்தது. ஈற்றில், 1964 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆந் திகதி, அலபாமா வழக்கில் பிரதம நீதியரசர் ஏர்ள் வாரன் தீர்ப்பு வழங்கினார். உறுப்பினர் மக்களுக்கே பிரதிநிதிகள், நிலப்பரப்பிற்கு அல்லர். ஆதலின் இரு மன்றங்களும் மக்கட்டொகைக்கேற்ப அமைதல் வேண்டும் என்பதே அதன் சாரம். முடிவிற்கு நீதியரசர் எண்மர் இணங்கினர். ஹார்லன் ஒருவரே, இது மாநிலங்களுக்குரிய விடயமென மாறுபட்டார்.

எனினும், எண்ணளவிற் சமன் செய்தல் மட்டும் போதுமானதா என ஆராய்தல் தகும். லௌண்ட்ஸ் கவுண்டி மக்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் அளவில் கறுப்பினத்தவர். ஆயின், 1965 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு வாக்காளராய்ப் பதிவு பெற்ற கறுப்பினத்தவர் ஒருவரேனும் இலர். தலையெண்ணும்போது அவர் மக்களாயினர், வாக்களிக்கும்போது இல்லாதவராயினர். அவர் தொகையாற் கிடைத்த ஆசனத்தின் பயனை வெள்ளையின வாக்காளர் சிலரே நுகர்ந்தனர். இந்நிலையை மாற்ற 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வேண்டியதாயிற்று. அதன்பின், 1970 இல் கறுப்பினத்தவர் இருவர் அலபாமாப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாயினர். உள்நாட்டுப் போரையடுத்த மறுசீரமைப்புக் காலத்திற்குப் பின் அச்சட்டசபையிற் புகுந்த முதற் கறுப்பினத்தவர் இவ்விருவரே. 1974 இல் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்னும் முறை வந்தபின் அத்தொகை மேலும் பெருகிற்று. இன்று மூதவையில் 35 பேரும் பிரதிநிதிகள் சபையில் 105 பேரும் நான்காண்டுக்கொருமுறை தெரிவு செய்யப்படுகின்றனர்.

ஆகவே, நேரிய பிரதிநிதித்துவத்திற்கு மூன்று வேண்டும்: எண்ணப்படுவோர் அனைவரும் வாக்களிக்க வழி, அவ்வாக்குகளுக்கு ஒத்த பெறுமதி, பங்கீடு பிழைக்கும்போது, அதனாற் பயன்பெறாத ஒரு நடுவரிடம் முறையிட இடம். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனையவை பயன் தரா என்பதே அலபாமா தரும் பாடமாகும்.