ஜவ்வாது மலையில் கொக்கிப்புழு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், சாமை விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களிலே காய்ச்சலைப் போல ஆரவாரம் செய்யாமல் நிலைத்திருக்கும் நோய்களுள் ஒன்று கொக்கிப்புழுத் தொற்று. குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் இப்புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏற்படும் இழப்பு மிகச் சிறிதே என்பதால், பல புழுக்கள் சேர்ந்து சோகையை, அதாவது சித்த மருத்துவம் பாண்டு என்றழைக்கும் வெளிறலை, உண்டாக்கும் வரை நோயாளி மருத்துவரை நாடுவதில்லை.

1838இல் இத்தாலியரான துபினி மிலான் நகரில் இப்புழுவைக் கண்டறிந்தார்; எனினும் மண்ணிலுள்ள இளம்புழு மனிதத் தோலைத் துளைத்தே உடலுக்குள் நுழைகிறது என்பது, கெய்ரோவில் லூஸ் என்ற ஆய்வாளரின் கைமீது இளம்புழுக்கள் அடங்கிய நீர் தற்செயலாகச் சிந்தியபோதுதான், ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்துப் புலப்பட்டது. வெறுங்காலும் திறந்தவெளியில் மலம் கழித்தலும் சேரும் இடமே இதன் இருப்பிடம் என்பது அதனால் தெளிவாயிற்று. இவ்வறிவைத் தமிழரிடையே பெருமளவில் செயற்படுத்திய தொடக்க முயற்சிகளுள் ஒன்று, ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய இயக்கம். 1920களில் அவ்வறக்கட்டளையின் பணி சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அன்றைய மருந்தான கீனோபோடியம் எண்ணெய் நச்சுத்தன்மை வாய்ந்தது. அதைப் பொறுத்துக்கொண்டு குணமடைந்தவரும், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த, கழிப்பிடமற்ற லயங்களுக்குத் திரும்பியபின் மீண்டும் தொற்றுக்கு ஆளாக நேர்ந்தது.

நோயறியும் முறை எளியதாகத் தோன்றினும் மலையில் அது எளிதன்று. மலத்தைச் சல்லடையில் வடித்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணும் கேட்டோ-காட்ஸ் முறையில், கொக்கிப்புழுவின் மெல்லிய ஓட்டு முட்டைகள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கிளிசரினில் கரைந்து மறையத் தொடங்குவதால், ஆய்வுக்கூடம் தொலைவில் இருந்தால் தொற்றுள்ளவரும் தொற்றற்றவராகத் தோன்றக்கூடும். சோதனைக்கு ஆகும் செலவோ புழுநீக்க மருந்தான அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றின் விலையினும் மிகுதி. ஆகவேதான் சோதிக்காமலே அனைவருக்கும் மருந்தளிக்கும் வழக்கம் வேரூன்றியது. நோயறிதலைக் கைவிட்டதாக இதைக் குறைகூறுவது முறையாகாது.

ஆயினும், 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளின் மாத்திரை தொடக்கத்தில் 1 முதல் 19 வயது வரையிலானோர்க்கே என வகுக்கப்பட்டிருக்க, கொக்கிப்புழு மிகுதியும் பெரியவர்களிடமே தங்குகிறது. இம்முரணைச் சோதிக்கவே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையிலும் சமவெளியிலுள்ள திமிரியிலும், பெனின், மலாவி நாடுகளுடன் இணைந்த டீவோர்ம்3 ஆய்வை நடத்தினர். அதில் தெரிந்தெடுத்த பகுதிகளில் கைக்குழந்தைகள் நீங்கலாக ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை என 3 ஆண்டுகள் வீடுதோறும் மாத்திரை வழங்கப்பட்டது. கரு உருவான முதல் மூன்று மாதங்களில் இருந்த பெண்களும் விலக்கப்பட்டனர்.