சந்திரன் குலுங்கினால்

காற்றும் மழையும் இல்லாத சந்திரனில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் அது என்றென்றும் நிற்கும் என்றே நமக்குத் தோன்றும். அந்த எண்ணத்தை அசைத்தது 1969ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள்.

அப்போலோ 12 விண்வெளி வீரர்கள், அதிர்ச்சியை அளக்கும் கருவி ஒன்றைச் சந்திரனில் வைத்துவிட்டுத் தாய்க்கலத்துக்குத் திரும்பினார்கள். அவர்கள் ஏறிவந்த சிறுகலம் இனித் தேவையில்லை. அதை வேண்டுமென்றே சந்திரன்மீது மோதவிட்டார்கள். அதிர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓயவில்லை! பெரிய ஆலயமணியை ஓங்கி அடித்தாற்போல் இருந்தது. பூமியின் பாறைகளில் ஊறிய நீர் அதிர்வை விரைவில் அடக்கிவிடும். சந்திரனின் மேலோடோ வறண்டது, வெடிப்புகள் நிறைந்தது. அதிர்வு அவற்றில் பட்டுச் சிதறி நெடுநேரம் அலைகிறது.

பின்னர் அப்போலோ 14, 15, 16 பயணங்களிலும் இத்தகைய கருவிகள் வைக்கப்பட்டன. அவை பதிவுசெய்த நடுக்கங்கள் பல்லாயிரம். பெரும்பாலானவை மிக ஆழத்தில் எழும் மெல்லிய சிலிர்ப்புகள், அவற்றால் தீங்கில்லை. மேற்பரப்புக்குச் சற்றே அடியில் எழுந்த 28 நடுக்கங்கள்தாம் பொறியியலாளரைக் கவலைகொள்ள வைப்பவை. அவற்றுள் சில 5 அளவைத் தாண்டியவை. பத்து நிமிடங்களுக்கு மேலும் நீடித்தவை.

சந்திரனில் பொருளின் எடை ஆறில் ஒரு பங்குதானே, கட்டடத்துக்கு அது நல்லதல்லவா என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். தரை பக்கவாட்டில் உதறும்போது கட்டடத்தைத் தள்ளும் விசை அதன் நிறையைப் பொறுத்தது. நிறை எங்கும் மாறாது. கட்டடத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பதோ எடை. தள்ளுவது குறையாமல், பிடிப்பது மட்டும் ஆறில் ஒன்றானால் சும்மா வைத்த கட்டடம் எளிதில் வழுக்கும், கவியும்.

இன்னொன்றும் உண்டு. கதிர்வீச்சைத் தடுக்கக் கூரைமேல் மண்ணைத் தடிமனாகக் கொட்ட வேண்டும். குலுங்கும்போது அந்தப் பாரமும் சேர்ந்து ஆடும். பூமியில் சுவர் கீறினால் பூசிக்கொள்ளலாம். அங்கே கீறல் வழியே மூச்சுக்காற்றே வெளியேறிவிடும். ஆகவே உயர்ந்த மாடி வேண்டாம். தாழ்வாக, அகலமாக, தரையில் ஆழ ஊன்றியதாக அமைப்பதே தக்கது.

இவ்வளவு சொன்ன கருவிகளை 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் நிறுத்திவிட்டார்கள். செலவைக் குறைப்பதற்காம்! எட்டாண்டுப் பதிவை வைத்து நூறாண்டு நிற்கும் வீட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? அதுவும் அக்கருவிகள் எல்லாம் பூமியை நோக்கிய பக்கத்தில் மட்டுமே இருந்தன. மனிதர் குடியேற எண்ணும் தென்துருவப் பகுதியில் இந்தியாவின் சந்திரயான் 3 ஓர் அதிர்வுமானியை இறக்கியது 2023ஆம் ஆண்டில்தான். அது வேலைசெய்தது இரண்டு வாரத்துக்குள்ளாகவே.