சுவடித் திருப்பணி செய்த செம்மல் டாக்டர் வே. இராகவன்

திருக்கோயில் ஒன்று பழுதுற்றவிடத்து அதனைப் புதுக்கிக் குடமுழுக்காட்டுவித்தல், புதிதாக ஒரு கோயில் எடுப்பித்தலினும் சிறந்த புண்ணியம் என்பர் பெரியோர். கல்லும் சுதையும் சிதைதல்போலவே நூல்களும் சிதைவுறும். ஓலைகள் செல்லரிக்கும், கட்டவிழ்ந்து ஏடுகள் மாறும், நூலின் பெயர் மட்டும் எஞ்சி நூல் மறைந்தொழியும். அத்தகைய நூல்களைத் தேடிக் கண்டு, செப்பஞ்செய்து, உலகினர்க்கு அளித்தலும் ஒரு சீர்ணோத்தாரணமேயாம். அத்திருப்பணியை மயிலையும் அடையாறும் உள்ளிட்ட சென்னை நகரில் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் இயற்றியவர் வடமொழிப் பேராசிரியர் டாக்டர் வே. இராகவன் ஆவர்.

இப்பெரியார் தோன்றியது, பிறந்தார்க்கு முத்தி நல்கும் பதியெனப் போற்றப்பெறும் திருவாரூரில்; ஆண்டு 1908. தியாகேசர் திருமுன் இசைவளர்த்த முத்துசாமி தீட்சிதர் அவதரித்ததும் அவ்வூரேயன்றோ? பிற்காலத்தே தீட்சிதர் வரலாற்றினை வடமொழியில் ஒரு மகாகாவியமாக இவர் பாடியது, பிறந்த ஊருக்குச் செலுத்திய நன்றிக்கடன் எனலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இவருக்கு வாய்த்த ஆசிரியர் மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியார். 1906-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலையில் நிறுவிய வடமொழிக் கல்லூரியின் முதல் தலைவராக விளங்கியவர் அவரே. அவர் 1943-இல் மறைந்தபின், அவர் பெயரால் அக்கல்லூரி வளாகத்திலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதனைக் கட்டிக்காத்து வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இராகவனாரே. ஆசிரியர்க்கு மாணவன் செலுத்தும் காணிக்கை இதனினும் உயர்ந்தது யாதுளது?

1886-இல் கர்னல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூல்நிலையம், இவருடைய தொடக்கக்கால ஆராய்ச்சிகளை நூலாக்கித் தந்தது. அவற்றுள் 1940-இல் வெளிவந்த ஒன்று, சுவைகள் எத்தனை என்பதனை ஆராய்வது. எட்டெனக் கொள்வாரும் ஒன்பதெனக் கொள்வாரும் முன்னரே உளர். ஒன்பதாவதாகிய சாந்தம் ஒரு சுவையாகுமோ என்பதே அவர்தம் வழக்கு. காச்மீரத்துச் சைவப் பேரறிஞர் அபிநவகுப்தர், சாந்தத்தை நிலைநாட்டியவருள் தலையாயவர். மனம் அடங்கி நிற்கும் நிலையும் சுவைக்கத்தக்கதே என்னும் இக்கொள்கை, சந்நிதியில் சொல்லற நின்றறிந்த அன்பர்க்குப் புதியதன்று.

இராகவனாரின் வாழ்நாட்பணி, போச மன்னர் இயற்றிய சிருங்காரப் பிரகாசம் என்னும் பெருநூலைப் பற்றியது. முப்பத்தாறு பிரகாசங்களையுடைய அந்நூல், தனக்கு முற்பட்ட எண்ணிறந்த காவியங்களினின்றும் நாடகங்களினின்றும் மேற்கோள் காட்டுவது. சைவர்க்குப் போசன் அயலானல்லன். அவன் பெயரால் வழங்கும் தத்துவப்பிரகாசம் சைவசித்தாந்த நூல். அதற்கு அகோரசிவாசாரியார் உரை கண்டனர். சிருங்காரப் பிரகாசத்தைப் பற்றிய இராகவனாரின் விரிவான ஆராய்ச்சி நூலுக்கு 1966-இல் சாகித்திய அகாதெமி பரிசளித்தது.

எலும்பினின்றும் பூம்பாவையாரைத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுப்பியருளிய தலம் மயிலை. அவ்வருட்செயலோடு மக்கள் முயற்சி எதனையும் ஒப்பிடுதல் தகாது. எனினும் மறைந்துபோன இராமாயண நாடகங்கள் சிலவற்றை, அலங்கார நூல்களில் சிதறிக்கிடந்த மேற்கோள்களைத் திரட்டி, இன்ன அங்கத்தில் இன்ன நிகழ்ச்சி இருந்திருத்தல் வேண்டுமென இவர் காட்டியதைக் காணுங்கால், சிவநேசர் பேணிவைத்த குடம் நினைவில் எழாதிராது. எஞ்சிய எலும்பைப் பேணுவார் இல்லையேல் எழுப்புதற்கு என்ன உண்டு? இவர் இல்லாத பகுதியைத் தாமே புனைந்து இட்டு நிரப்பினாரல்லர். கிடைத்ததைக் கிடைத்தவாறே வைத்தார். அதுவே புலமையின் கற்பு.

மொழிபெயர்ப்பிலும் இவர் நெறி அதுவே. வேதம் முதலாக இதிகாச புராணங்கள் ஈறாகத் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்திற் பெயர்த்து 1956-இல் ஒரு தொகைநூலாக்கினார். குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதற்கு அணிந்துரை வழங்கினார். தியாகராச சுவாமிகளின் கீர்த்தனங்கள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் மயிலை இராமகிருஷ்ணா மாணவர் இல்லத்தின் வழியாக வெளிவந்தபோது, அதற்கு விரிந்த ஆராய்ச்சி முன்னுரை வரைந்தவரும் இவரே. நாயன்மார்களையும் ஆழ்வார்களையும் வடபுலத்து அடியார்களோடு ஒருங்குவைத்து, பாரதநாட்டைப் பாடலால் ஒன்றுவித்தவர்கள் எனப் போற்றி மற்றொரு நூலும் இயற்றினார். தேவாரமும் ஆகமமும் ஒரே கோயிலில் ஒலிக்கக் கேட்கும் நமக்கு அந்நோக்கம் எளிதில் விளங்கும்.

இவற்றினும் அரியது பட்டியற்பணி. செர்மானிய அறிஞர் ஔஃப்ரெக்ட் 1891 முதல் 1903 வரை வடமொழிச் சுவடிகளின் பெரும்பட்டியலை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அதனைப் புதுக்கி விரிக்கும் பணியைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935-இல் மேற்கொண்டது. அதில் இளமையிலேயே ஈடுபட்டுப் பின்னர் அதன் தலைமைப் பதிப்பாசிரியராகவும் விளங்கினார் இராகவனார். 1953, 1954-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய நூலகங்கள் பலவற்றுக்குச் சென்று, பட்டியலேறாத சுவடிகளைக் கண்டு குறித்தார். எச்சுவடி எவ்விடத்துளது என்றறிவிக்கும் இப்பணியிற் புகழ் குறைவு, உழைப்பு மிகுதி. மதிற்சுவருக்கு அடியில் மறைந்து கிடந்து கோபுரத்தைத் தாங்கும் கல் போல்வது அது.

1962-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1972-இல் தில்லியில் நிகழ்ந்த முதல் உலக வடமொழி மாநாட்டை முன்னின்று நடத்தினார். ஆயினும் சிருங்காரப் பிரகாசத்தின் மூலத்தை அவர் செப்பஞ்செய்த பதிப்பின் முதற்பகுதியைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1979-இல் அவர் மறைந்தார். அப்பகுதி ஆர்வர்டு கீழைநாட்டு நூல்வரிசையில் வெளிவந்தது 1998-இல். இடையே பத்தொன்பது ஆண்டுகள்! திருப்பணி தொடங்கியவர் குடமுழுக்கைக் காணாமற் போதலும், வழிவந்தோர் அதனை நிறைவேற்றுதலும் நம் கோயில் வரலாறுகளில் பலகாலும் காண்பனவே. பட்டியலும் அவருக்குப் பின் முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளாக வளர்ந்தது.

இக்குடமுழுக்குத் திருநாளில் விமானத்துக்கும் கலசத்துக்கும் பொருள் வழங்கிய அன்பர்கள் புண்ணியம் மிக உடையர். அவர்கள் தத்தம் இல்லத்துப் பரணையும் ஒருமுறை நோக்குவாராக. முன்னோர் கட்டிவைத்த ஏடு ஒன்று அங்கே இருக்கக்கூடும். அதனை ஆற்றில் விடாது, அறிந்தார் கையில் ஒப்புவித்தலும் சிவபுண்ணியமே. கற்பகாம்பாள் உடனுறை கபாலீசர் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக!