எலியட்டின் பிளாட்டினம்

1919-ல் ‘எகோயிஸ்ட்’ பத்திரிகையில் இரு பகுதிகளாக வந்த ‘மரபும் தனித்திறனும்’ கட்டுரையில் எலியட் ஒரு ரசாயன உதாரணம் தருகிறார். ஆக்ஸிஜனும் ஸல்ஃபர் டையாக்ஸைடும் உள்ள அறையில் பிளாட்டினக் கம்பியை நுழைத்தால் அமிலம் பிறக்கிறது. அமிலத்தில் பிளாட்டினம் துளியும் இல்லை, பிளாட்டினமும் மாறவில்லை. கவிமனம் அந்தப் பிளாட்டினம்.

பி.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். இந்தக் கோட்பாட்டையே பிரம்பாக்கி, ‘சுயபுலம்பல்’ என்று நம்மவர்கள் அடித்த கவிதைகள் கொஞ்சமல்ல.

எழுதியவர் அப்போது லண்டன் லாயிட்ஸ் பாங்கில் குமாஸ்தா. 1917 முதல் 1925 வரை அந்த உத்தியோகம். (பேரேட்டில் சொந்த விஷயத்துக்கு இடமில்லை என்பது எனக்கும் தெரியும்.) கட்டுரைக்கு இரண்டு வருஷம் கழித்து, 1921-ல், மனம் நொறுங்கி, பாங்க் கொடுத்த மூன்று மாத லீவில் மார்கேட் கடற்கரைக்கும், பிறகு லோஸானில் டாக்டர் விட்டோஸின் சிகிச்சைக்கும் போனார். ‘பாழ்நில’த்தின் கடைசிப் பகுதி லோஸானில் எழுதியது. மார்கேட் மணல் பெயரோடேயே கவிதையில் கிடக்கிறது. 2020-ல் பிரின்ஸ்டனில் திறக்கப்பட்ட, எமிலி ஹேலுக்கு எழுதிய 1131 கடிதங்களில், 1930-ல் எழுதிய ஒன்று முதல் பகுதியின் ஹயசிந்த் வரிகளை மறுபடி படித்துப் பார்க்கச் சொல்கிறது.

ஆகவே கோட்பாடு பொய் என்று துள்ள நான் தயாரில்லை. இரண்டாம் பகுதியில் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருக்க, ஆண் வாய்விட்டுப் பதில் சொல்லாத காட்சி, யார் வீட்டுக் கதை என்று தெரியாமலே நம்மைத் தொடுகிறது. ஆனால் கோட்பாடு இக்கவிதையின் வர்ணனை அல்ல; முன்கூட்டியே போட்டுக்கொண்ட வேலி. தப்பிப்பதன் அர்த்தம் ஆளுமையும் உணர்ச்சியும் உள்ளவர்களுக்கே தெரியும் என்று அதே கட்டுரையில் அவரே சேர்த்திருக்கிறார். பிரம்பெடுத்தவர்கள் அந்த இடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. உதாரணமும் முழுசாகச் சரியில்லை: வாயுவில் ஆர்ஸனிக் கலந்திருந்தால் பிளாட்டினமும் நஞ்சேறிச் செயலிழக்கும் என்பது அமிலத் தொழிற்சாலைகளில் தெரிந்த விஷயம்.

1971-ல் வலேரி எலியட் பதிப்பித்த கையெழுத்துப் பிரதியில், அந்த இரண்டாம் பகுதியின் ஓரத்தில் முதல் மனைவி விவியனின் கைப்படப் பாராட்டுக் குறிப்பு இருக்கிறது. சதுரங்கக் காய்கள் பற்றிய ஒரு வரியை அவள் கேட்டுக்கொண்டதால் நீக்கினார். விவியன் 1947-ல் இறந்தாள். 1960-ல் லண்டன் நூலகத்துக்கு உதவக் கவிதையைக் கையால் பிரதி எடுத்தபோது, அவ்வரியை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதி வைத்தார்.