வேளாண் சூழலியல்

வேதி உரம் தவிர்த்த சாகுபடி அனைத்தையும் குறிக்க இன்று ‘வேளாண் சூழலியல்’ என்ற தொடர் ஆளப்படுகிறதெனினும், 1920களின் இறுதியில் ருஷ்ய வேளாண் அறிஞர் பசில் பென்சின் இதன் மூலச்சொல்லை முன்வைத்தபோது அது பயிருக்கும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறையையே சுட்டியது. 1980களில் வேளாண் அறிஞர் மிகுவேல் அல்தியேரியின் எழுத்துகளால் சாகுபடி நெறியாகவும், பின்னர் உழவர் இயக்கமாகவும் அதன் பொருள் விரிந்தது. தமிழில் ‘வேளாண்மை’யும் இவ்வாறு பொருள் பெயர்ந்த சொல்லே: குறளில் அது பிறர்க்கு உதவுதலைக் குறிக்க, பயிர்த்தொழிலைக் கூறும் அதிகாரமோ ‘உழவு’ எனப் பெயர் பெறுகிறது. இத்துறை ஆராயும் தோட்டத்துக்கோ வட்டார வழக்கில் தனிச்சொல் உண்டு: கேரள அரசு 2010இல் இயற்கை வேளாண்மைக் கொள்கை வகுப்பதற்கு நெடுங்காலம் முன்பே, நெய்யாற்றின்கரை வட்டத்துக் காரோடு, பாறசாலைப் பகுதிகளிலும், 1956இல் தமிழகத்தோடு இணைந்த விளவங்கோட்டிலும், தென்னைக்கடியில் வாழை, பலாவில் படரும் நல்லமிளகு, இடைவெளியில் மரச்சீனியும் சேனையும் என அடுக்கடுக்காய்ப் பயிரேற்றிய வீட்டடி நிலம் ‘விளை’ எனப்பட்டது. அப்பகுதியின் பல ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் அச்சொல் நிற்கிறது. விளைதல் என்னும் வினையினின்று பிறந்த இச்சொல் நிலத்தைச் சுட்டுமேயன்றி அறிவுத்துறையைச் சுட்டாது. ஆதலின் துறைக்கு வேளாண் சூழலியல் என்பதையும், அத்துறை ஆராயும் பல்லடுக்குத் தோட்டத்துக்கு ‘விளை’ என்பதையும் கொள்வது தகும்.