மென்னீரின் கதையும் பார்சலோஸ் மீனவரும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெண்சுண்ணாம்பு தடித்துப் படிந்திருக்கும். கொழும்பில் பத்திரிகைப் பணியிலிருந்த காலத்தில், நீண்ட விடுமுறை ஒன்றுக்கு ஊர் சென்றபோது, பொலித்தீன் பையில் பத்து நியோன் டெட்ரா மீன்களையும் கொண்டுபோனேன். அவை இறக்கவில்லை, முட்டையும் இட்டன. ஆனால் மறுநாளே முட்டைகள் யாவும் வெளிறிப் பூசணம் பிடித்துவிட்டன. அயலில் வாழ்ந்த இரசாயனவியல் ஆசிரியர் மீன்தொட்டியைப் பார்க்கவேயில்லை. கேத்தலைத்தான் காட்டினார்.

குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கற்பாறையில் ஊறி வருவது. கல்சியம் மிகுந்த வன்னீர். கொழும்பில் நான் பயன்படுத்தியதோ லபுகம, களட்டுவாவ காட்டு நீர்த்தேக்கங்களின் மென்னீர். இவ்வேறுபாட்டுக்குள் ஒரு நதிக்கரை மக்களின் வாழ்வே அடங்கியிருந்தது என்பதை நான் அறிந்தது மிகப் பிந்தித்தான்.

நியோன் டெட்ராவை 1934 இல் மேல் அமேசன் பகுதியில் கண்டெடுத்தவர் ஓகஸ்ட் ராபோ என்ற பிரெஞ்சுக்காரர். 1936 இல் அமெரிக்க மீனியலாளர் ஜோர்ஜ் மயர்ஸ் அதனை விவரித்து, பிலடெல்பியாவின் மீன்வளர்ப்புச் சஞ்சிகை ஆசிரியர் வில்லியம் இன்னிசின் பெயரைச் சூட்டினார். அதன் உறவான கார்டினல் டெட்ரா 1956 இல் ஒரு சண்டையோடு அறிமுகமானது. லெனார்ட் ஷுல்ட்ஸ் ஒரு பெயரும், மயர்சும் வைட்ஸ்மனும் வேறொரு பெயரும் இட்டனர். இரு வெளியீடுகளுக்கும் இடைவெளி ஒரே நாள்! முந்திய ஷுல்ட்சின் பெயரே நிலைத்தது. பத்திரிகைக்காரனுக்கு இத்தகைய ஒருநாள் முந்தல்கள் புதியவையல்ல.

கார்டினலின் தாயகமான ரியோ நீக்ரோ தேயிலைச் சாயம் போன்ற கருநீர் ஆறு. மிகத் தொன்மையான பாறைகளையும் வெண்மணல் நிலங்களையும் கழுவி வருவதால் அதில் கல்சியம் அநேகமாக இல்லை. உதிர்ந்த இலைகளின் மட்கிலிருந்து கரையும் அமிலங்களால் அதன் பீஎச் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடைப்பட்டது. அமேசன் ஆறுகளைக் கருநீர், வெண்ணீர், தெளிநீர் எனப் பகுத்தவர் ஜேர்மனிய ஆய்வாளர் ஹரால்ட் சியோலி.

இத்தகைய நீரில் பழகிய மீன்கள் சற்று வன்மையான நீரில் உயிர்வாழும். இனம் பெருக்குவதோ அரிது. கல்சியம் மிகுந்தால் முட்டைகள் பொரிப்பது அருகிவிடும். எனவே வளர்ப்போர் மழைநீரை நாடினர். பீட் எனும் சதுப்புநில மட்கில் நீரை ஊறவைத்தனர். காய்ச்சினால் தற்காலிக வன்மை மட்டுமே நீங்கும். வீட்டுப் பாவனைக்கான நீர்மென்மையாக்கியும் ஏமாற்றும்: அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, உப்புச்சுமை குறைவதில்லை. பின்னர் வந்த ஆர்.ஓ. வடிகட்டியே ஏறத்தாழ உப்பற்ற நீரை எவருக்கும் எட்டச்செய்தது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. காபனேற்று வன்மை முற்றாக அற்றுப்போனால் அமிலத்தைத் தாங்க எதுவுமில்லை; பீஎச் திடீரெனச் சரிந்துவிடும். ஆகையால் அந்நீரில் சிறிதளவு குழாய் நீரையும் கலப்பர்.

நியோன் விரைவில் பண்ணை மீனாயிற்று. கார்டினல் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதமே மனாவுசுக்கு மேலே சுமார் 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பார்சலோஸ் நகருக்குச் சோறு போட்டது. அங்குள்ள அலங்கார மீன்பிடிகாரருக்குப் பியாபேரோ என்று பெயர். தோணியில் சென்று, வெள்ளக் காட்டினுள் கைவலையால் பிடிப்பர். நதி வற்றும்போது இம்மீன்களில் பெரும்பகுதி எப்படியும் மடிந்துவிடும் என்பதால் பிடிப்பதால் இனம் அழியாது என்றும், மீனால் பிழைப்பவன் காட்டை வெட்டமாட்டான் என்றும் ஆய்வாளர் நிங் லபிஷ் சாவோ வாதிட்டார். மறுப்பது கடினமான வாதம்.

நீரைச் செய்யும் வித்தை கைவந்ததும் நிலைமை மாறியது. செக் குடியரசிலும் தென்கிழக்காசியாவிலும் கார்டினல் பண்ணைகளில் பொரிக்கத் தொடங்கியது. 2000 களில் பார்சலோசின் ஏற்றுமதி பெரிதும் வீழ்ந்தது. மீன்களை வதைத்துப் பிடிக்கிறார்கள் என்று மேற்கில் எழுந்த குரலும் பண்ணை மீனுக்கே துணைபோனது. கரிசனையோடு எழுப்பப்பட்ட அக்குரல் பியாபேரோவின் அடுப்பைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2014 இல் ரியோ நீக்ரோவின் அலங்கார மீன்களுக்குப் பிரேசில் புவிசார் குறியீடு வழங்கியது. நான் மீன் கடைக்குச் செல்லும் வேளைகளில், தொட்டியிலுள்ள கார்டினல் ஆற்றிலிருந்து வந்ததா, பண்ணையிலிருந்து வந்ததா என்று கேட்பதுண்டு. கடைக்காரர் விலையைச் சொல்வார்.