வாழவந்தி: ஓர் ஊர்ப்பெயரின் உள்ளே

ஜலகண்டாபுரம் என்றதும் ‘ஜலம் கண்ட புரம்’ என்று யாருக்கும் பிரிக்கத் தோன்றும். அதே சேலம், நாமக்கல் வட்டாரத்து வாழவந்தி அவ்வளவு எளிதில் பிடி கொடுப்பதில்லை. மோகனூர்ப் பக்கம் ஓர் எஸ். வாழவந்தி உண்டு, கொல்லிமலைமேல் ஒரு வாழவந்தி நாடும் உண்டு.

‘வாழ’ தெளிவு. சிக்கல் ‘வந்தி’யில். அகராதி வழியே போனால் வந்தி என்பவள் மலடி; ‘வந்த்யா’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். வந்தித்தல் என்றால் வணங்குதல். இரண்டும் ‘வாழ’ என்ற எச்சத்தோடு ஒட்டவில்லை. திருச்சி அருகே வாழவந்தான்கோட்டை இருக்கிறது. வாழவந்தான் ஆண்பால் என்றால், வாழவந்தி அதன் பெண்பால் என்று கொள்வதே பொருந்தும்: வாழ வந்தவள். புகுந்த வீட்டுக்கு வரும் பெண்ணை ‘வாழ வந்தவ’ என்றுதானே இன்றும் சொல்கிறோம்.

கொல்லிமலையின் பெயரோ இதற்கு எதிர்த்திசை. கொல்வதால் கொல்லி என்கிறது மக்கள் வழக்கு. சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவையின் கதை ஒருபுறமிருக்க, கீழ்நாட்டாரை அச்சுறுத்தியது அங்கிருந்த காய்ச்சல்தான்.

அந்த மலைக்கு 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் குடிபோனார்கள். பாப்டிஸ்ட் ஊழியர்கள், அமர்ந்த ஊர் வாழவந்தி. காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, காலில் புறப்பட்ட நரம்புச் சிலந்தியைக் குச்சியில் சுற்றி மெல்ல மெல்ல எடுத்தல், பிள்ளைகளுக்குப் பள்ளி, தச்சுவேலை என்று நாள்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைவிட இந்த வார நாள்களில்தான் மலைமக்கள் அவர்களின் விசுவாசத்தைப் படித்திருப்பார்கள். 1914இல் பிறந்த மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை செய்து இயங்க வைத்தவர்.

ஜெஸ்ஸியை 1929இல் கருநீர்க் காய்ச்சல் கொண்டுபோனது. ‘கொல்லி’ தன் பெயரைக் காத்துக்கொண்டது. எவலின் மலையை மறக்கவில்லை. முதுமையில் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மேலேறினார். கல்வராயன் மலை, பச்சைமலை என்று குதிரைமேல் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

வந்தவரைக் குறிக்க நம்மிடம் ‘வந்தேறி’ என்ற சொல்லும் உண்டு. இன்று அது வசை. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினரே காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறது அவர்களின் மரபுக்கதை. வந்தார் என்பதை மட்டும் பார்ப்பவருக்கு எல்லோரும் வந்தேறிகள். வந்தபின் என்ன செய்தார் என்று கேட்பவருக்குத்தான் வாழவந்தி என்ற சொல் தேவைப்படுகிறது.

பிறரை ‘வாழவைக்க’ வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் மிஷன் வரலாற்றில் மட்டுமல்ல, அரசியலிலும் ஏராளம். வாழவைப்பவர் ஒரு படி மேலே நிற்கிறார். வேலை முடிந்ததும் ஊர் திரும்பலாம். வாழ வந்தவருக்கு அந்த வசதி இல்லை. ஊரின் காய்ச்சல் அவருக்கும் வரும். ஊரின் இடுகாடே அவருக்கும் இடுகாடு. பிராண்ட் தம்பதியர் வாழவைக்கப் புறப்பட்டு, வாழவந்தவர்களாக முடிந்தார்கள். பெயரை ஊர் அவர்களுக்கு முன்பே வைத்திருந்தது. பொருளை அவர்கள் ஈட்டிக்கொண்டார்கள்.